இசைக் கேள்வி–பதில்: குப்பையோரம் கிடந்த ஆர்மோனியம்

போன இதழில் பெங்குவின் கஃபே ஆர்க்கெஸ்ட்ரா என்ற இங்கிலாந்துக் குழுவைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைத் தேடிப் பிடித்துக் கேட்டவர்கள் வரிசையாகக் கேள்வி அனுப்பிவிட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த குழு, அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: 'பெர்பெச்சுவம் மொபைலே' என்ற உருப்படியைக் கேட்டேன். பியானோவில் சின்னதாக ஒன்று சுற்றிச் சுற்றி வருகிறது, அப்புறம் வயலின்கள் வந்து சேருகின்றன, அவ்வளவுதான். ஆனால் முடியும்போது கண் கலங்கிவிட்டது. கூடவே ஒவ்வொரு சுற்றிலும் எங்கேயோ கால் இடறுகிற மாதிரியும் இருக்கிறது. என் காதில் கோளாறா, இசையே அப்படித்தானா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: உங்கள் காது நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. இன்னொரு முறை போட்டுவிட்டு, தொடையில் தட்டி நாலு நாலாக எண்ணிப் பாருங்கள். முதல் நாலு சரியாக வரும், இரண்டாவதும் மூன்றாவதும் சரியாக வரும், நாலாவது நாலில் மூன்றை எண்ணி முடித்தவுடன் அடுத்த சுற்று தொடங்கிவிட்டிருக்கும். மிருதங்கம் படித்தவர்கள் பாஷையில் சொன்னால் தகதிமி, தகதிமி, தகதிமி, தகிட. மொத்தம் 15. நம் மனசு 16-க்குத் தயாராகக் காலைத் தூக்கி வைக்கிறது, அந்தப் படி அங்கே இல்லை, ஆனால் விழவும் இல்லை, அடுத்த சுற்று நம்மைத் தாங்கிக்கொண்டு போய்விடுகிறது. இடறுகிற மாதிரி என்று நீங்கள் சொன்னது அதைத்தான். எங்கேயும் காலை ஊன்றி நிற்க இடமே கொடுக்காததால்தான் 'ஓயாத இயக்கம்' என்று பொருள்படும் லத்தீன் பெயர் அதற்கு அப்படிப் பொருந்துகிறது.

கண் ஏன் கலங்குகிறது என்பதற்கு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்தப் பியானோத் துண்டில் சோகமும் கிடையாது, குதூகலமும் கிடையாது, ஒரு குழந்தை வாசிக்கக்கூடிய எளிமைதான் இருக்கிறது. அதன்மேல் வயலின், செல்லோ என்று ஒவ்வொன்றாக ஏறும்போது துண்டு மாறுவதில்லை, அதைச் சுற்றியிருக்கும் வெளிச்சம்தான் மாறுகிறது. அதே தெருவைக் காலையிலும் மாலையிலும் பார்ப்பது போல. இது 1987-ல் வந்த 'சைன்ஸ் ஆஃப் லைஃப்' என்ற ஆல்பத்தில் இருக்கிறது. வீட்டில் இளசுகள் இருந்தால் அவர்களுக்கு இந்த மெட்டு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம்: ஸ்வீடன் டிஜே அவிச்சி 2011-ல் 'ஃபேட் இன்டு டார்க்னஸ்' என்ற பாட்டுக்கு இதைத்தான் அடிப்படையாக வைத்துக்கொண்டார்.

கேள்வி: ஆர்க்கெஸ்ட்ரா சரி, நடுவில் பெங்குவின் எங்கிருந்து வந்தது? காபிக்கடையில் வாசித்த குழுவா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: அப்படி ஒரு கடை எந்த ஊரிலும் இருந்ததில்லை. தூத்துக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், பதில் கெட்டுப்போன மீனில் தொடங்குகிறது.

சைமன் ஜெஃப்ஸ் என்று ஒருவர். 1949-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிறந்தவர், கிளாசிக்கல் கிட்டார் முறையாகப் படித்தவர். கிளாசிக்கல் உலகத்தின் விறைப்பும் அவருக்கு ஒத்துவரவில்லை, அந்தக் காலத்து நவீன இசையின் கணக்குப் போடும் போக்கும் ஒத்துவரவில்லை, இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். 1972-ல் தெற்கு பிரான்சில் இருந்தபோது மீன் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் கடும் காய்ச்சல். கண்ணை மூடினால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. பெரிய கான்கிரீட் கட்டடம், அறை அறையாக மனிதர்கள், எல்லாவற்றையும் கண்காணிக்கும் ஒரு மின்னணுக் கண். ஓர் அறையில் ஒருவர் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னோர் அறையில் ஒரு ஜோடி, அன்பில்லாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். இன்னொன்றில் ஓர் இசைக்காரர், சுற்றிலும் கருவிகள், காதில் ஹெட்போன், ஆனால் அறையில் சத்தமே இல்லை. அந்த மூன்றாவது அறைதான் எனக்கு ஒவ்வொரு முறையும் பயத்தைத் தருவது.

ஓரிரு நாளில் காய்ச்சல் விட்டு, கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது, எங்கிருந்தோ ஒரு கவிதை மாதிரி அவர் தலைக்குள் வருகிறது. பெங்குவின் கஃபேயின் முதலாளி நான், மனம்போன போக்கில் உங்களுக்குச் சில விஷயங்கள் சொல்வேன் என்று அது தொடங்குகிறது. தற்செயலாக வருவதும், எதிர்பாராமல் நடப்பதும்தான் வாழ்க்கையில் மிக மதிப்பானவை, ஒழுங்கு வேண்டும் என்று அதையெல்லாம் நசுக்கிவிட்டால் மிச்சம் இருப்பது அந்தக் கட்டடம்தான் என்பது அதன் சாரம். அந்தக் கடையில் என்ன இசை ஒலிக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தார், அந்த யோசனைக்கு ஆயுள் முழுவதும் போய்விட்டது. செல்லோ வாசிக்கும் ஹெலன் லீப்மன் முதலில் சேர்ந்தார். 1976-ல் பிரையன் ஈனோ என்ற இங்கிலாந்து இசைக்காரர் நடத்திவந்த 'அப்ஸ்க்யூர்' என்ற சின்ன நிறுவனம் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் முதல் பெரிய மேடை, யாருக்கு முன்னால் தெரியுமா? கிராஃப்ட்வெர்க். ஜெர்மனிக்காரர்கள் முழுக்க முழுக்க மின்னணு இசை, அவர்களைக் கேட்க வந்த கூட்டத்துக்கு முன்னால் இவர்கள் செல்லோவையும் வயலினையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் ரொம்பப் பிடிக்கும்.

ஆல்பம் அட்டைகளில் பெங்குவின் தலையோடு மனிதர்கள் நிற்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த ஓவியங்கள் எமிலி யங் வரைந்தவை. சைமனின் துணைவியாக இருந்தவர், இன்று கல்லில் சிற்பம் செதுக்குபவராகப் பேர் பெற்றவர்.

கேள்வி: ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பதற்கு மினிமலிசம் என்று பெரிய பெயர் வைத்துவிட்டால் ஆயிற்றா? எனக்கு இது கற்பனை வறட்சியாகத்தான் படுகிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கோபமெல்லாம் இல்லை, இந்தக் கேள்வியை நானே ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன்.

1960களில் அமெரிக்காவில் சிலர், இசையில் அடுத்து என்ன அடுத்து என்ன என்று ஓடுவதை நிறுத்திவிட்டு, ஒரு சின்ன விஷயத்தை எடுத்து அது மெல்ல மெல்ல எப்படி மாறுகிறது என்று கேட்கலாமே என்று ஆரம்பித்தார்கள். டெர்ரி ரைலி 1964-ல் எழுதிய 'இன் சி' என்ற உருப்படியில் மொத்தம் 53 சிறு துண்டுகள், அவ்வளவுதான். எந்தத் துண்டை எத்தனை தரம் வாசிப்பது என்பது வாசிப்பவர் விருப்பம். இவர்களில் பலருக்கு இந்த யோசனைக்கு உரம் கிடைத்தது ஐரோப்பாவுக்கு வெளியே. ஃபிலிப் கிளாஸ் பாரீஸில் ரவிசங்கருடன் வேலை பார்த்தவர், ரைலி வட இந்தியப் பாடகர் பண்டிட் பிரான்நாத்திடம் சிஷ்யராகச் சேர்ந்தவர், ஸ்டீவ் ரைக் 1970-ல் கானாவுக்குப் போய் மேளம் கற்றவர். பல்லவியின் ஒரே வரியை வித்வான் முக்கால் மணி நேரம் விரித்துப் பாடுவதை உட்கார்ந்து கேட்பவர்கள் நாம், திரும்ப வருவதை வறட்சி என்று நாம் சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

சைமன் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார், ஆனால் அவர்கள் விதியைக் கடைசி வரை விடாமல் பிடித்துக்கொள்வார்கள், இவர் பாதியில் கதவைத் திறந்து ஒரு நாட்டுப்புற மெட்டை உள்ளே விட்டுவிடுவார். வெனிசுலாவின் நாலு தந்தி குவாத்ரோ வரும், யுகலேலி வரும், முதலாம் எலிசபெத் ராணி காலத்து இங்கிலாந்து இசைக்காரர் கைல்ஸ் ஃபார்னபியின் பெயரில் ஒரு துண்டு வரும். ஜிம்பாப்வேயில் ஷோனா மக்கள் எம்பிரா என்ற வாத்தியத்தில் வாசிக்கும் 'நெமமுசாசா' என்ற பழைய உருப்படி ஒன்று இருக்கிறது, தற்காலிகக் குடிசைக்குக் கிளை வெட்டுதல் என்று அர்த்தம். அதை இவர்கள் வாத்தியங்களுக்கு மாற்றி, அதே அர்த்தத்தை ஆங்கிலத்தில் தலைப்பாக வைத்து, 1981 ஆல்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். அதையும் 'பெர்பெச்சுவம் மொபைலே'யையும் அடுத்தடுத்துக் கேட்டால் எது எங்கிருந்து வந்தது என்பது காதுக்கே தெரியும்.

நான் மாறியது எப்படி என்று சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கியிருந்தேன். எதிர் அறை நண்பருக்கு லண்டன் உறவினர் ஒருவர் பதிவு செய்து அனுப்பிய கேசட், மேலே பெயர் எதுவும் எழுதியிருக்காது. ஒரு நாள் ராத்திரி அதைப் போட்டோம். நாலைந்து பாட்டு தாண்டி, திடீரென்று டேப்பிலிருந்து போன் மணி. இரட்டை இரட்டையாக அடிக்கிற அந்தப் பழைய லேண்ட்லைன் மணி, கூடவே பிஸியாக இருக்கும்போது வரும் 'டொய்ங் டொய்ங்' சத்தம், இரண்டும் ஒன்றாக. கேசட் கெட்டுவிட்டது என்று நண்பர் எழுந்து நிறுத்தப் போனார். அதற்குள் அந்த மணிக்கு அடியில் யாரோ எதையோ சுண்டுகிற சத்தம், அதற்கு மேல் ஒரு வயலின், போன் மணி தாளமாக மாறிவிட்டது! அவர் கை பட்டனுக்கு மேலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு அந்த ஒன்றையே பின்னால் சுற்றிச் சுற்றி, எத்தனை முறை என்று தெரியாது, பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்டும் வரை கேட்டோம்.

'டெலிபோன் அண்ட் ரப்பர் பேண்ட்' என்பது அதன் பெயர் என்பது ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. சைமன் ஒரு நாள் யாருக்கோ போன் போட, லைனில் ஏதோ பழுது, மணியடிக்கும் சத்தமும் பிஸி சத்தமும் சேர்ந்து கேட்டிருக்கிறது. நாமாக இருந்தால் வைத்துவிட்டு மறுபடி போட்டிருப்போம். அவர் அதைப் பதிவு செய்து, டேப்பை வளையமாக ஒட்டி ஓடவிட்டு, அதற்கு மேலே ஒரு சாதாரண ரப்பர் பேண்டைச் சுண்டி வாசித்தார். பிரிட்டிஷ் போனும் நம் ஊர் போனும் மணியடிக்கும் விதத்தில் ஒன்றுதான், இரண்டு அடி, ஒரு இடைவெளி. அதனால்தான் மேன்ஷனில் நாங்கள் அவ்வளவு சுலபமாக ஏமாந்தோம்.

ஈரோட்டு நண்பரே, அதை ஒரு தரம் முழுசாகக் கேட்டுவிட்டு, அப்புறமும் கற்பனை வறட்சி என்று தோன்றினால் எழுதுங்கள், மனமுவந்து பிரசுரிக்கிறேன்.

கேள்வி: பஜனை மடத்தில் முப்பது வருஷமாக ஆர்மோனியம் வாசிக்கிறேன். இவர்களுடைய உருப்படி ஒன்று குப்பையில் கிடைத்த ஆர்மோனியத்தில் உருவானது என்று என் பேத்தி சொல்கிறாள். நிஜமா? என் பெட்டியில் அதை வாசிக்க முடியுமா?
– ஒரு வாசகர், உறையூர்

பதில்: நிஜம்தான் ஐயா. 1982-ல் ஜப்பானில் கச்சேரிகள் முடிந்த பிறகு சைமன் கியோட்டோ நகரத்தில் தங்கிவிட்டார். அங்கே ஒரு சந்தில், குப்பைக் குவியலுக்குப் பக்கத்தில் ஓர் ஆர்மோனியம் நிற்கிறது. விசாரித்தால் யாருக்கும் வேண்டாம் என்கிறார்கள். எடுத்துக்கொண்டு போய் ஒரு நண்பர் வீட்டில் வைத்தார், அடுத்த சில மாதங்கள் அடிக்கடி போய் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அப்படிப் பிறந்ததுதான் 'மியூசிக் ஃபார் எ ஃபவுண்ட் ஹார்மோனியம்', அதாவது கண்டெடுத்த ஆர்மோனியத்துக்கான இசை. 1984-ல் 'பிராட்காஸ்டிங் ஃப்ரம் ஹோம்' ஆல்பத்தில் வந்தது.

ஆர்மோனியம் 1840களில் பாரீஸில் உருவானபோது காலால் மிதித்துக் காற்றடிப்பதாகத்தான் இருந்தது, தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி அடிக்கும் பெட்டி பிறகு கல்கத்தாவில் பிறந்தது. உங்கள் பெட்டியில் இடது கை துருத்திக்குப் போய்விடும், இந்த உருப்படியோ ஒரு பக்கம் சுருதிக் கூட்டு தட்டிக்கொண்டே இருக்க இன்னொரு பக்கம் மெட்டு ஓடுகிற மாதிரி அமைந்தது. அதனால் இரண்டு பெட்டி இருந்தால் சுகம். ஒன்றில் பேத்தியை உட்கார வைத்துக் கூட்டை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள், மெட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டைச் சுருதியில் வைத்துக்கொண்டால் விரலுக்கு வசதி, அயர்லாந்துக்காரர்களும் அதே சுருதியில்தான் வாசிக்கிறார்கள்.

அயர்லாந்து எங்கே வந்தது என்கிறீர்களா? 1990-ல் பேட்ரிக் ஸ்ட்ரீட் என்ற ஐரிஷ் குழு இதை எடுத்து, ஃபிடிலும் அக்கார்டியனுமாக, அவர்கள் ஊர் நடனத்துக்கான ரீல் கதியில் பதிவு செய்தது. அதிலிருந்து ஐரிஷ் மதுக்கடைகளில் இசைக்காரர்கள் கூடி வாசிக்கும் ராத்திரிகளில் இது புகுந்துவிட்டது. இன்று அதை வாசிக்கும் பலருக்கு இது ஓர் இங்கிலீஷ்காரர் கியோட்டோவில் எழுதியது என்றே தெரியாது, பாட்டன் காலத்து மெட்டு என்று நினைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். எழுதியவர் பெயர் உதிர்ந்து மெட்டு மட்டும் ஊரில் நிற்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்!

ஆர்மோனியத்தில் ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் வராது என்று சொல்லியே அகில இந்திய வானொலி 1940-ல் அதை வெளியே நிறுத்தியது, முப்பது வருஷத்துக்கு மேல் நிறுத்தியே வைத்திருந்தது. அந்த வாதம் உங்கள் காதில் எத்தனையோ தரம் விழுந்திருக்கும். இந்த மெட்டைப் போட்டுக் கேளுங்கள் ஐயா. ஒரு ஸ்வரமும் வளையாது, ஒவ்வொன்றும் கட்டையை அமுக்கினால் வருகிற மாதிரியே நேராக நிற்கும், அந்த நேர்த்தன்மையிலிருந்தே துள்ளல் வருகிறது.

கேள்வி: குழுவில் மொத்தம் எத்தனை பேர்?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: நிலையான எண்ணிக்கை கிடையாது. உருப்படிக்கு யார் வேண்டுமோ அவர்கள். ஜெஃப்ரி ரிச்சர்ட்சன் வயோலா வாசிப்பார், கேவின் ரைட் வயலின், ஸ்டீவ் நை எலக்ட்ரிக் பியானோ, நீல் ரென்னி யுகலேலியும் குவாத்ரோவும். சைமனுக்குப் பக்கத்தில் தொடக்கத்திலிருந்து செல்லோவோடு ஹெலன். பங்க் இசைக்காரர் சிட் விஷஸ் பாடிய 'மை வே'யில் வரும் வயலின் கூட்டத்தை அமைத்துக் கொடுத்ததும் இதே சைமன்தான்.

கேள்வி: இவர்கள் இசைக்கு பாலே நடனம் இருக்கிறதாமே? என் மகள் பரதம் ஆடுகிறாள், பார்க்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: கட்டாயம் பாருங்கள். டேவிட் பின்ட்லி அமைத்து 1988-ல் லண்டனில் ராயல் பாலே ஆடியது, 'ஸ்டில் லைஃப் அட் தி பெங்குவின் கஃபே'. ஆடுபவர்கள் மிருக முகமூடி போட்டுக்கொண்டு வருவார்கள்: கொம்பு வளைந்த செம்மறிக் கடா, கங்காரு எலி, வரிக்குதிரை, ஒரு தெள்ளுப்பூச்சி கூட. எல்லாம் அழிவை நோக்கிப் போகிற உயிர்கள். பரிமாறுகிறவராக வருவது கிரேட் ஆக் என்ற பறவை. வட அட்லாண்டிக்கில் வாழ்ந்த, பறக்க முடியாத பறவை அது, பெங்குவின் என்ற பெயரே முதலில் அதற்குத்தான் இருந்தது. 1844-ல் ஐஸ்லாந்துக்குப் பக்கத்தில் எல்டே என்ற தீவில் கடைசி ஜோடியைக் கொன்றுவிட்டார்கள். நடனத்தின் முடிவில் மழை வரும், மிருகங்கள் எல்லாம் நோவாவின் பேழைக்குள் போய்விடும், அந்தப் பறவை மட்டும் வெளியே நிற்கும். மகளை வரிக்குதிரை வரும் இடத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். கழுத்தையும் தோளையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மிருகம் முழுசாக வந்துவிடுகிறது.

கேள்வி: இப்போது 'பெங்குவின் கஃபே' என்று மட்டும் போட்டு ஆல்பங்கள் வருகின்றனவே, ஒரே குழுவா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: குடும்பம் ஒன்று, குழு வேறு. சைமன் 1997 டிசம்பரில் மூளைக் கட்டியால் இறந்துபோனார், 48 வயதுதான். பத்தாண்டு நிறைவில், 2007-ல், பழைய நண்பர்கள் லண்டனில் கூடி நினைவுக் கச்சேரிகள் வாசித்தார்கள். அதற்குப் பிறகு 2009-ல் அவர் மகன் ஆர்தர் ஜெஃப்ஸ் புது ஆட்களோடு தொடங்கியதுதான் பெங்குவின் கஃபே. ஆர்க்கெஸ்ட்ரா என்ற சொல்லை அப்பாவுக்கே விட்டுவிட்டார், அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவின் உருப்படிகளையும் வாசிக்கிறார்கள், சொந்தமாகவும் எழுதுகிறார்கள். 2017-ன் 'தி இம்பர்ஃபெக்ட் சீ' எனக்குப் பிடித்தது. அப்பாவிடம் இருந்த குறும்பு மகனிடம் கொஞ்சம் குறைவு, நிதானம் கூடுதல். அண்டார்டிகா பெங்குவின்களை மனதில் வைத்து 2019-ல் ஓர் ஆல்பம் செய்திருக்கிறார்கள், ராத்திரி பயணத்துக்கு நல்லது.

கேள்வி: கர்நாடக சங்கீதம் படிக்கும் கல்லூரி மாணவி நான், வீணை. இவர்கள் இசையில் எங்கேயாவது நம் ராகம் தட்டுப்படுகிறதா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ராகம் என்று வைத்துக்கொண்டு அவர்கள் எதையும் செய்யவில்லை, நாமாக இழுத்துப் பொருத்தவும் வேண்டாம். ஆனால் ஒரே ஒரு இடம் இருக்கிறது, உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசைக்காரர், இசையில் தற்செயலுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று சைமனுக்கு முன்பே ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தவர், 1992-ல் இறந்தார். அடுத்த ஆண்டு வந்த 'யூனியன் கஃபே' ஆல்பத்தில் சைமன் 'கேஜ் டெட்' என்று ஓர் உருப்படி வைத்தார். கேஜ் இறந்துவிட்டார், அவ்வளவுதான் தலைப்பு. அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் எழுத்துக்கூட்டிப் பாருங்கள்: சி, ஏ, ஜி, ஈ, அப்புறம் டி, ஈ, ஏ, டி. எட்டு எழுத்தும் மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள். அந்த எட்டையே எடுத்து உருப்படியாக்கிவிட்டார்.

இப்போது சி-யை ஸட்ஜமாக வைத்து நம் ஸ்வரத்தில் எழுதுங்கள். ச த ப க, ரி க த ரி. சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், மத்தியமமும் இல்லை, நிஷாதமும் இல்லை. மோகனத்தின் ஐந்து ஸ்வரங்கள், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சைமன் அதைத் தேடிப் போகவில்லை, ஓர் இறப்புச் செய்தியின் எழுத்துகள் அப்படி வந்து விழுந்திருக்கின்றன. வீணையில் ஒரு கட்டை வைத்துக்கொண்டு கமகம் இல்லாமல் அந்த எட்டையும் ஒரு தரம் மீட்டிப் பாருங்கள், அதற்கப்புறம் அந்த உருப்படியைப் போடுங்கள்.